இடது கையில் ஒரு வாள்!

நாம் கையை வீசினால் திரையில் வாள் வீசும். அப்படியொரு ஜப்பானிய மாயாஜால கேம், எங்கள் வீட்டு மூன்று தலைமுறைக் கைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹாலில் இருந்த டீபாயைச் சுவரோரம் தள்ளியாயிற்று. ஃபேனையும் நிறுத்தியாயிற்று. டி.வி-க்கு முன்னால் என் பத்து வயது மகள், கால்களை அகட்டி நிற்கிறாள். கையில் வெள்ளை நிறத்தில் ரிமோட் போல ஒன்று. திரையில் பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி போட்ட ஒரு பையன். இவள் கையை உயர்த்தினால் அவன் வாளை உயர்த்துகிறான். இவள் சாய்த்தால் அவனும் சாய்க்கிறான்.

நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்தா இது, நடுவீட்டுல சிலம்பம் சுத்துற?"

"சிலம்பம் இல்ல அம்மாச்சி. வாள் சண்டை!"

"அதைச் சோத்துக் கையில பிடிச்சுச் சுத்தக் கூடாதா? அதென்ன எப்பப் பாரு நொட்டாங்கை?"

என் மகள் இடதுகைக்காரி. எழுதுவது, படம் வரைவது, பந்து எறிவது எல்லாம் இடது கையில்தான். யாராவது எதையாவது நீட்டினால் அவளை அறியாமல் இடது கைதான் முதலில் போகும். அம்மா உடனே, "சோத்துக் கை..." என்பார். அவள் முகம் சுருங்கும். எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற சின்னச் சண்டை இது.

அந்தச் சண்டைக்கு ஒரு வீடியோ கேம் பதில் வைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பொத்தானுக்குப் பதில் கை

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி வீடு மாறும்போது, பரணில் கிடந்த பழைய 'வீ' கேம் கன்சோலை ஊருக்கு வரும்போது எடுத்து வந்தான். "மருமகளுக்குத் தாய்மாமன் சீர்" என்று கிண்டல் வேறு.

வீ, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006-ல் கொண்டுவந்தது. 1889-ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 2000-களின் நடுவில் மற்ற நிறுவனங்கள் எல்லாம் படம் இன்னும் துல்லியமாக, கன்சோல் இன்னும் வேகமாக என்று ஓடிக்கொண்டிருந்தன. நின்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாட்டாவுக்கு வேறொரு கவலை. வீட்டில் ஒருவர் கேம் விளையாடினால் மற்றவர்கள் ஏன் எழுந்து போய்விடுகிறார்கள்?

காரணம் கையில் இருக்கும் கன்ட்ரோலர்தான். அதில் இரண்டு குச்சிகள், பத்துப் பதினைந்து பொத்தான்கள். பழகாதவர்கள் பார்த்தாலே பயப்படுவார்கள். ஆனால் டி.வி ரிமோட்டைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அந்த ரிமோட் வடிவத்திலேயே ஒரு கன்ட்ரோலரை 2005 செப்டம்பரில் டோக்கியோவில் இவாட்டா தூக்கிக் காட்டினார். டென்னிஸ் ஆட வேண்டுமா? பொத்தானைத் தேட வேண்டாம், கையை வீசுங்கள். அவ்வளவுதான்.

10 கோடிக்கும் மேல் விற்றது வீ. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில்கூட வீ பௌலிங் போட்டிகள் நடந்தன. வாழ்நாளில் ஒரு கேமும் தொடாதவர்கள் நாற்காலியில் இருந்தபடியே பந்து உருட்டினார்கள்.

கூடவே கலாட்டாக்களும் நடந்தன. வேகத்தில் ரிமோட் கையை விட்டுப் பறந்து டி.வி-யை உடைத்த கதைகள் உலகமெங்கும் வந்தன. வந்த சில வாரங்களிலேயே, மணிக்கட்டில் மாட்டும் கயிற்றை இன்னும் கெட்டியாகச் செய்து, சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர நிறுவனம் முன்வந்தது. 2007-ல் புகழ்பெற்ற 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில், மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடித் தோள்வலியோடு கண்விழித்த 29 வயது மருத்துவரைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. அந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'வீ-யைட்டிஸ்'!

வானத்தில் ஓர் ஊர்

தம்பி கொண்டுவந்த டிஸ்க்குகளில் ஒன்றுதான் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஸ்கைவர்ட் ஸ்வார்ட்'. 2011 நவம்பரில் வந்தது. செல்டா வரிசை 1986-ல் தொடங்கியது. பெயர் செல்டா என்றாலும் நாம் விளையாடும் ஹீரோவின் பெயர் லிங்க். செல்டா அந்தக் கதைகளின் இளவரசி. 'பச்சைத் தொப்பிக்காரன்தான் செல்டா' என்று நினைத்து ஏமாறாதவர்கள் குறைவு. நானும் ஏமாந்தேன்.

இந்தக் கேமில் கதை வானத்தில் தொடங்குகிறது. மேகங்களுக்கு மேலே மிதக்கும் தீவு, ஸ்கைலாஃப்ட். அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ராட்சதப் பறவை. நம் ஊரில் பள்ளிக்கு சைக்கிள் போல, அவர்களுக்குப் பறவை. லிங்க்குக்குக் கிடைத்ததோ அபூர்வமான சிவப்புப் பறவை. இந்தக் கதையில் செல்டா இன்னும் இளவரசி ஆகவில்லை. பள்ளித் தலைமையாசிரியரின் மகள், லிங்க்கின் சிறு வயதுத் தோழி. ஒருநாள் சூறைக்காற்று ஒன்று அவளை மேகங்களுக்குக் கீழே இழுத்துப் போகிறது. கீழே என்ன இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு வாளோடு லிங்க் இறங்குகிறான்.

பறவையை நாம்தான் ஓட்ட வேண்டும். ரிமோட்டைச் சாய்த்தால் பறவை திரும்பும். மேலும் கீழும் வீசினால் சிறகடித்து மேலே ஏறும். வெடிகுண்டைக் கையைத் தூக்கி எறியலாம், கோலி விளையாட்டு போலத் தரையோடு தரையாக உருட்டியும் விடலாம். ஒரு பழங்காலக் கோயிலின் கதவில் பெரிய கண் ஒன்று இருக்கிறது. நம் வாள்முனை போகிற பக்கமெல்லாம் அந்தக் கண்ணும் போகும். வாளை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்குத் தலைசுற்றி, கதவு திறந்துகொள்ளும். இதைக் கண்டுபிடித்தபோது என் மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

சுழற்றினால் மட்டும் போதாது

முதல் நாள் முழுக்க அவள் செய்தது ஒன்றுதான். தென்னை மட்டையைக் கத்தியாக்கிக்கொண்டு தெருவில் நாம் சின்ன வயதில் செய்தோமே, அதுதான். கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பக்கமும் வீசுவது. காட்டில் வந்த முதல் செடியிடமே தோற்றாள்.

ஆமாம், செடி. வாய் பிளந்து கடிக்க வரும் செடி. அதன் வாய் சில நேரம் படுக்கைவாட்டில் திறக்கும், சில நேரம் நெடுக்குவாட்டில் திறக்கும். படுக்கையாகத் திறந்தால் நாமும் படுக்கையாக வெட்ட வேண்டும். நெடுக்காகத் திறந்தால் மேலிருந்து கீழே. மாற்றி வெட்டினால் ஒன்றும் ஆகாது, கடிதான் கிடைக்கும்.

அடுத்து வரும் குட்டிப் பூதங்கள் கத்தியை ஒரு பக்கமாகத் தடுத்துப் பிடித்திருக்கும். தடுக்காத பக்கம் எது என்று பார்த்து அடிக்க வேண்டும். பிறகு மூன்று தலை எலும்புக்கூட்டுப் பாம்பு. மூன்று தலைகளும் ஒரே வரிசையில் வரும் அந்த நொடியில், ஒரே வீச்சில் மூன்றையும் வெட்டியாக வேண்டும். ஒரு தலை மிஞ்சினாலும் மற்ற இரண்டும் திரும்ப முளைத்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே, முதல் கோயிலின் முடிவில் நிற்கிறான் கிராஹிம். வெள்ளை முடி, அலட்டலான பேச்சு. அவன் பேசுவதைப் பார்த்துவிட்டு அம்மா, "நம்பியார் மாதிரியே கையைப் பிசையிறானேடி" என்றார். இவனிடம் ஒரு கெட்ட பழக்கம். நம் வாளையே பார்த்துக்கொண்டிருப்பான். நாம் வலப்பக்கம் வாளை வைத்திருந்தால் அவன் கையும் அந்தப் பக்கம் வரும். அங்கிருந்து வீசினால் வெறும் விரலாலேயே வாளைப் பிடித்துப் பறித்துக்கொள்வான்.

அவனை ஜெயிக்க வழி, ஏமாற்றுவது. வாளை ஒரு பக்கம் காட்டி அவன் கையை அங்கே இழுத்துவிட்டு, சட்டென்று வேறு பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். அதற்கு நிதானம் வேண்டும். கை சும்மா நிற்கத் தெரிய வேண்டும். மோஷன் கன்ட்ரோல் என்றாலே 'கையை ஆட்டுவது' என்று நினைத்த எங்களுக்கு இந்தக் கேம் கற்றுக்கொடுத்தது, எப்போது ஆட்டக் கூடாது என்பதை.

என் மகளுக்குத்தான் அந்த நிதானம் வரவில்லை. ஏழு முறை தோற்றாள்.

உங்கள் போனுக்குள்ளும் இருக்கிறது

வாளை எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பது ரிமோட்டுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். திரையும் திரும்புகிறதா? அதே வித்தைதான்.

ரிமோட்டுக்குள் 'ஆக்சிலரோமீட்டர்' என்றொரு சில்லு உண்டு. அதில் மிக நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று, ஸ்பிரிங் போன்ற தாங்கிகளில் நிற்கிறது. டவுன் பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? கையை வேகமாக அசைத்தால் அந்தத் துண்டும் அப்படித்தான் விலகும். அது விலகிய அளவை மின்சாரம் வழியாக அளந்து அசைவைத் தெரிந்துகொள்கிறார்கள்.

2006-ல் வந்த வீ ரிமோட்டில் இதுதான் முக்கிய சென்சார். கூடவே, டி.வி-யின் மேல் வைக்கும் பட்டையின் அகச்சிவப்பு விளக்குகளைப் பார்க்கும் ஒரு குட்டி கேமராவும் உண்டு. அந்தப் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயரே தவிர, அதில் சென்சார் எதுவும் இல்லை. வெறும் விளக்குகள்தான்.

இவை போதவில்லை. கை அசைந்தது தெரிந்ததே தவிர, எந்தக் கோணத்தில் திரும்பியது என்று சரியாகத் தெரியவில்லை. எனவே எப்படி ஆட்டினாலும் திரையில் ஒரே மாதிரி வீச்சு. 2009-ல் 'மோஷன் பிளஸ்' என்ற சின்னத் துணைக்கருவி வந்தது. அதற்குள் 'கைரோஸ்கோப்'. ரிமோட் எந்த வேகத்தில், எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதை அது சொல்லும். ஸ்கைவர்ட் ஸ்வார்ட் விளையாட இது கட்டாயம்.

கைரோஸ்கோப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அடி எண்ணி நடந்து பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் துளித் துளியாகத் தப்பு சேர்ந்து, கடைசியில் சுவரில் முட்டுவோம். அதுபோலத்தான் இதுவும். நேரம் போகப் போகத் திசை கொஞ்சம் விலகிவிடும். அதனால்தான் ஆட்டத்துக்கு நடுவே ரிமோட்டை நேராக நீட்டி, ஒரு பொத்தானை அழுத்தி 'இதுதான் நடு' என்று அதற்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

இந்தக் கேமைச் செய்தவர்களையே இது படுத்தியிருக்கிறது. தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவும், இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியும் ஒரு கட்டத்தில் மோஷன் பிளஸே வேண்டாம் என்று விட்டுவிடும் நிலைக்கு வந்தார்கள். பிறகு 'வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்' விளையாட்டில் வாள் சண்டை நன்றாக வேலை செய்வதைப் பார்த்துத்தான் நம்பிக்கை திரும்பியது. 2010 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த இ3 கண்காட்சியில், இந்த வரிசையின் பிதாமகர் ஷிகெரு மியாமோட்டோவே மேடையேறி வாள் சுழற்றிக் காட்டினார். வாள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை! அரங்கில் இருந்த வயர்லெஸ் சிக்னல்களின் குறுக்கீடு என்று விளக்கம் சொல்லப்பட்டது. உலகமே பார்க்கச் சொதப்பிய பிறகும் ஒன்றரை வருடம் உழைத்து அதைச் சரிசெய்தார்கள்.

கை மாற்றப்பட்ட ஹீரோ

ஏழாவது முறை தோற்றபோது என் மகள் ரிமோட்டைச் சோபாவில் போட்டாள்.

"நான் லெஃப்ட் ஹேண்ட். அதான் வர மாட்டேங்குது. அவன் பாரு, ரைட் ஹேண்ட்ல வச்சிருக்கான்."

உண்மைதான். திரையில் லிங்க் வலது கையில் வாள் பிடித்திருந்தான். இதே வீ-யில் இருக்கும் டென்னிஸ், பௌலிங் விளையாட்டுகளில் 'நீங்கள் வலது கையா, இடது கையா?' என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. இந்தக் கேம் அப்படிக் கேட்கவில்லை. ரிமோட்டை எந்தக் கையில் பிடித்தாலும் வேலை செய்யும், ஆனால் திரையில் லிங்க் வலதுகைக்காரன்தான்.

அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் எனக்கு அந்த விஷயம் தெரியவந்தது. லிங்க் பல வருடங்களாக இடதுகைக்காரன்! அவனை உருவாக்கிய மியாமோட்டோவும் இடதுகைக்காரர். உலகமெங்கும் இடதுகைக் குழந்தைகளுக்கு 'நம்ம ஆளு' என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரு சில ஹீரோக்களில் லிங்க்கும் ஒருவன்.

பிறகு வீ வந்தது. 2006-ல் 'ட்வைலைட் பிரின்சஸ்' என்ற செல்டா கேம் ஏறக்குறைய தயாராகிவிட்ட நேரம். விளையாடுபவர்கள் பெரும்பாலும் வலது கையால் ரிமோட்டை வீசுவார்கள், திரையில் லிங்க் இடது கையால் வீசினால் இடிக்குமே? லிங்க்கை மட்டும் வலதுகைக்காரனாக மாற்றுவது லேசான வேலை இல்லை. எனவே, என்ன செய்தார்கள் தெரியுமா? மொத்த உலகத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டார்கள்! பழைய கேம்கியூப் கன்சோலுக்கான பதிப்பில் மேற்கே இருக்கும் பாலைவனம், வீ பதிப்பில் கிழக்கே இருக்கும். ஒரு கைக்காக ஓர் உலகமே இடம் வலம் மாறியது.

2011-ல் வந்த ஸ்கைவர்ட் ஸ்வார்டில் அந்தச் சிரமம்கூட இல்லை. முதலிலிருந்தே அவனை வலதுகைக்காரனாகவே வரைந்துவிட்டார்கள். 2017-ல் பெரும் வெற்றி பெற்ற 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமில் வாளுக்கு மோஷன் கன்ட்ரோல் அவசியமே இல்லை. ஆனாலும் லிங்க் வலதுகைக்காரன்தான். வாள் வீசும் பொத்தான் கன்ட்ரோலரின் வலப்பக்கம் இருக்கிறதே என்று காரணம் சொன்னார்கள்.

மறுநாள் காலை, லிங்க் கதையை மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ அவனையும் மாத்திட்டாங்களாம்மா?"

அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அம்மாவின் கை

அன்று மாலை மறுபடியும் கிராஹிம். மறுபடியும் தோல்வி.

"குடு இங்க. அந்த நம்பியாரை நான் ஒரு கை பாக்குறேன்" என்று அம்மா கை நீட்டினார்.

அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை இருக்கிறது. ஒரு வருடமாக இடது தோள் இறுகி, கை பாதிக்கு மேல் தூக்க வராது. 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். "அம்மா, கையை வீசணும்மா, வேண்டாம்" என்றேன். கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ரிமோட்டை வலது கையில் பிடித்தார். நடக்க வைக்கும் குச்சி இருக்கும் இன்னொரு கன்ட்ரோலரை மகள் வைத்துக்கொண்டாள். ஒருவர் கால், ஒருவர் கை.

இரண்டு முறை வாளைப் பறிகொடுத்தார். மூன்றாவது முறை கிராஹிம் நெருங்கி வரும்போது, அம்மா அவனையே பார்த்துக்கொண்டு ரிமோட்டை இடது கைக்கு மாற்றினார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. தோளை அசைக்கவே இல்லை. மணிக்கட்டு மட்டும் இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு வெட்டு. அவ்வளவுதான். அடி விழுந்தது. மறுபடியும் ஒன்று. மறுபடியும் ஒன்று.

இந்தக் கேமுக்குப் பெரிதாகக் கையை வீச வேண்டிய அவசியமே இல்லை, மணிக்கட்டு போதும் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் என் மகள் கவனித்தது வேறொன்றை.

"அம்மாச்சி... நீங்களும் லெஃப்டா?"

அம்மா கையைப் பார்த்தார். ரிமோட்டை மடியில் வைத்தார்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்றார். பிறகு அவரே சொன்னார். "ஒண்ணாப்பு வாத்தியாரு சிலேட்டுல நொட்டாங்கையால எழுதுனா ஸ்கேலைத் திருப்பிப் பிடிச்சு விரல் முட்டியில போடுவாரு. வீட்டுல சாப்பிடும்போது எங்க அப்பத்தா இந்தக் கையைத் துணியால முதுகுக்குப் பின்னாடி கட்டிவிடும். ரெண்டு வருசம். அப்புறம் மாறிப்போச்சு."

நாற்பது வருடங்களாக அவர் மகளாக இருக்கிறேன். எனக்கு இது தெரியாது. ஊசியில் நூல் கோப்பது, பாட்டில் மூடி திருகுவது, கொசு அடிப்பது எல்லாம் அம்மா இடது கையில்தான் செய்வார் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட ஏனென்று யோசித்ததில்லை.

"அப்புறம் ஏன் என்னை மட்டும் திட்டுறீங்க?"

"நீயும் அடி வாங்கக் கூடாதேன்னுதான்த்தா."

பத்து வருடம் கழித்து வந்த பொத்தான்

அதற்குப் பிறகு அம்மாவும் பேத்தியும் சேர்ந்து விளையாடத் தொடங்கினார்கள். சண்டைக் காட்சிகள் அம்மாவுக்கு, பறவை ஓட்டுவது பேத்திக்கு. சிறகடிக்க ரிமோட்டை மேலும் கீழும் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அம்மாவுக்குத் தோள் வலித்துவிடும்.

மோஷன் கன்ட்ரோலின் மறுபக்கம் இதுதான். பொத்தானைக் கண்டு பயந்தவர்களுக்குக் கதவு திறந்த அதே கருவி, கையை அசைக்க முடியாதவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 2011-ல் வந்த ஸ்கைவர்ட் ஸ்வார்டில் 'எனக்குக் கை வராது, பொத்தானில் விளையாடுகிறேன்' என்று சொல்ல வழியே இல்லை. பக்கவாதம் வந்தவர், நடுக்கம் உள்ளவர், ஒரு கை இல்லாதவர் யாராக இருந்தாலும் வீசித்தான் ஆக வேண்டும்.

2021 ஜூலையில் இதே கேம் 'ஸ்விட்ச்' கன்சோலுக்கு எச்.டி-யாக மறுபடியும் வந்தது. இந்த முறை மோஷன் கன்ட்ரோலோடு பொத்தானில் விளையாடும் முறையையும் சேர்த்தார்கள். வலப்பக்கக் குச்சியை எந்தத் திசையில் தள்ளுகிறோமோ, அந்தத் திசையில் வாள் வெட்டும். கையடக்கமாக வைத்து விளையாடுபவர்களுக்கு இது தேவைப்பட்டது. அதே வழியில், கையை வீச முடியாதவர்களும் உள்ளே வர முடிந்தது.

கேம் உலகமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. உடல் அசைவில் சிரமம் உள்ளவர்களுக்காகவே மைக்ரோசாஃப்ட் 2018-ல் 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்' கொண்டுவந்தது. பெரிய பொத்தான்கள், காலாலோ முழங்கையாலோ அழுத்தும்படி வேண்டிய கருவியை இணைக்கும் வசதி. 2023-ல் சோனியும் 'ஆக்சஸ்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. கையைக் கருவிக்கு ஏற்ப மாற்றிய காலம் போய், கருவியைக் கைக்கு ஏற்ப மாற்றும் காலம்.

நீங்களும் வாள் எடுக்கப் போகிறீர்களா?

* மணிக்கட்டுக் கயிற்றை மாட்டாமல் தொடங்காதீர்கள். உள்ளங்கை வியர்த்தால் ரிமோட் வழுக்கும். டி.வி விலை உங்களுக்கே தெரியும்.

* தலைக்கு மேல் ஃபேனைப் பாருங்கள். ஜப்பானில் எழுதிய கையேட்டில் நம் வீட்டு சீலிங் ஃபேனைப் பற்றி எச்சரிக்கை இருக்காது. உயரமானவர்கள் கையைத் தூக்கினால் இடிக்கும்.

* சுற்றிலும் கை நீட்டும் தூரத்துக்குக் குட்டிக் குழந்தைகள், கண்ணாடிப் பொருட்கள் வேண்டாம்.

* பெரிதாக வீசாதீர்கள். மணிக்கட்டை அசைத்தாலே கேமுக்குப் புரியும். தோள், முழங்கை தப்பிக்கும்.

* வாள் பக்கவாட்டில் கோணலாகப் போகிறதா? கோபப்படாமல் ரிமோட்டை நேராக நீட்டி 'நடு'வை மறுபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

* அரை மணிக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள். தோள் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

* முக்கியமாக, குழந்தை எந்தக் கையில் எடுக்கிறதோ, அந்தக் கையிலேயே விளையாட விடுங்கள்.

கிராஹிமை அன்று இரவே ஜெயித்துவிட்டார்கள். கடைசி வெட்டு பேத்தியுடையது. "அவன் எந்தக் கையைப் பாக்குறான்னு பாரு. அப்புறம் நீ எந்தக் கைன்னு முடிவு பண்ணு" என்று அம்மாச்சி சொல்லிக்கொடுத்த பாடம்.

வெற்றியைக் கொண்டாட பஜ்ஜி போட்டேன். அம்மா தட்டை நீட்டினார். என் மகள் டி.வி-யைப் பார்த்தபடியே கையை நீட்டினாள். இடது கை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தார். ஒரு நொடி ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது.

"ஒண்ணு போதுமாத்தா? இன்னொண்ணு எடுத்துக்க" என்றார்.